நீலக் கொடிகள்

நேற்றைய மழைக்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சேஜ் புதர்க்காடு கசந்து மணக்கிறது. புதர்களுக்கு நடுவே வழுக்கையாய்க் கிடக்கும் களிமண் திட்டு இன்னும் காயாமல் வெயிலில் மினுங்குகிறது. இந்தச் சமவெளியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் முளைக்காத அந்தப் பூ, கடுகைவிடச் சற்றே பெரிய வெள்ளை இதழ்களோடு, திட்டில் இருபத்தேழு இடத்தில் பூத்திருக்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடையாளத்துக்குக் கம்பியில் செருகிய ஒரு சின்ன நீலக் கொடி. காலையிலிருந்து மண்டியிட்டுத் தேடி அவற்றை நட்ட அரசுத் தாவர ஆய்வாளர் கோரின், முழங்கால் சேற்றைத் தட்டிவிட்டு இப்போதுதான் ஜீப்பில் ஏறினாள். பூ இருக்கும்வரை இனி இங்கே மாடு மேய்க்க அனுமதி கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். என் முதலாளி டெல்மர் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்குகிறார். உள்ளே மாடுகள் நக்குவதற்கான உப்புக்கட்டிகள்.

"பாவம்டா, நல்ல பொண்ணு. அவ கொடி நடலேன்னா இந்தப் பூவெல்லாம் நம்ம கண்ணுல பட்டிருக்குமா?"

"கட்டிய எங்க வைக்கட்டும், முதலாளி?"

"இதென்னடா கேள்வி? அதான் அடையாளம் போட்டுக் குடுத்திருக்காளே!"

கட்டியைச் சுமந்துகொண்டு கொடிகளுக்கு நடுவே நடக்கிறேன். பூட்ஸ் கணுக்கால்வரை புதைகிறது. டெல்மர் ஹார்னை நீளமாக அழுத்துகிறார். மேட்டின்மேல் எண்பது மாடுகள் தலைதூக்குகின்றன. அந்தச் சத்தம் என்றால் உப்பு என்று அவற்றுக்குத் தெரியும். தூரத்தில் ஜீப் நிற்கிறது. தனக்குத்தான் ஹார்ன் அடிக்கிறார் என்று நினைத்து, ஜன்னல் வழியே கை நீட்டி ஆட்டுகிறாள் கோரின். டெல்மர் தொப்பியைக் கழற்றி, மரியாதையாக, ஜீப் வளைவில் மறையும்வரை கையசைக்கிறார்.

முதல் மாடு திட்டில் கால் வைக்கிறது.