தையலுக்கு ஆகாதவள்

“இவளுக்கா தையல்? வேணாங்க சார். அரசாங்க மிஷின் பாழாப் போயிடும்.”

பெற்ற மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே மதலேனம்மாள் இப்படிச் சொன்னாள். பாலக்கோட்டில், கிராமத்துப் பிள்ளைகளுக்கான இலவசத் தொழிற்பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நாள்.

மகள் ராஜமேரி கேட்டிருந்தது மோட்டார் ரீவைண்டிங், எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் வேலை. ஆபீசர் சிரித்துவிட்டார். மோட்டார் பையன்களுக்கு, தையல் பெண்களுக்கு. பொம்பளைப் பிள்ளைக்குக் கரண்டோடு என்ன விளையாட்டு என்று கேட்டுவிட்டு, தையல் என்று எழுதப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் தாய் வாயைத் திறந்தாள்.

போன மாதம் பங்குச் சாமியார் அங்கி தைக்கக் கொடுத்தாராம். இவள் கழுத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டாளாம். பூசைக்கு மணி அடித்த பிறகும் சாமியார் தலையை விட வழி தேடிக்கொண்டிருந்தாராம்.

வரிசையில் ஒரே சிரிப்பு. ராஜமேரி தரையைப் பார்த்தாள்.

பின்னால் நின்ற கண்ணம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “பெத்தவ பேசற பேச்சாங்க இது? நாளைக்கு இவள யாரு கட்டிக்குவா?”

மதலேனம்மாள் நிறுத்துவதாக இல்லை. மடத்து சிஸ்டர்கள் இவள் தலையைக் கண்டாலே மிஷினுக்கு மூடி போட்டுவிடுவார்கள் என்றாள்.

ஆபீசர் நெற்றியைத் தேய்த்தார். விரட்டிவிடலாம்தான். ஆனால் மார்ச்சுக்குள் மேலே காட்டவேண்டிய பெண்கள் கணக்கில் ஒரு தலை குறைந்தது. புது மிஷினை உடைக்கக் கொடுக்கவும் மனசில்லை.

“மோட்டார்லயே போய்த் தொலையட்டும். அங்க இருக்கறது எல்லாம் எரிஞ்சுபோன மோட்டார். இவ கெடுக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல.”

எழுதி முடித்ததும், பெண்களை முன்னேற்ற எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது பார் என்று கிளார்க்கிடம் அலுத்துக்கொண்டார். கரண்டைப் பற்றி அவருக்கு அப்புறம் ஞாபகமே வரவில்லை.

வெளியே மாரண்டஹள்ளி பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணம்மாள் மறுபடி பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்ணை வாயாலேயே கெடுத்துவிட்டீர்களே, இனி கம்பியும் கிரீசுமாக அல்லாட வேண்டியதுதானா என்று பொரிந்தாள்.

மதலேனம்மாள் பையை எடுக்கக் குனிந்தாள். முந்தானை சரிந்தது. கண்ணம்மாளின் பேச்சு பாதியில் நின்றது. ஜாக்கெட் முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. கழுத்து வளைவு அவ்வளவு சுத்தம்.

“எந்த டைலருங்க? பெங்களூர்ல தச்ச மாதிரி இருக்குது.”

மதலேனம்மாள் அவசரமாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆபீஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

“மெதுவாப் பேசுங்க. இவதான் தச்சா. தெரிஞ்ச வேலைய எதுக்குங்க மறுபடி போய்க் கத்துக்கணும்?”