தீப்பெட்டிக் கேமராவில் அப்பாவின் கை

மூன்று நிமிடமா நான்கா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கை நடுக்கத்துக்கு வெட்கப்பட்டு எந்தப் படத்துக்கும் உட்காராத அப்பா, அன்று காலை தீப்பெட்டியில் நான் செய்த கேமராவின் ஊசித்துளைக்கு முன் அவ்வளவு நேரம் உட்கார்ந்தார். அசைவது எதுவும் அதில் தெளிவாகப் பதியாது. அன்று மதியம் குளியலறையில், கழுவிய பிலிமை அக்கா ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்துகிறாள். கதவுக்கு வெளியே அப்பா செருமுகிறார்.

"என்னம்மா, மனுஷனாத் தெரியறேனா, பேயாவா?"

"முகம் பேய்தாம்பா. கை மட்டும் மனுஷன்."

குனிந்து பார்க்கிறேன். கலங்கிய முகத்துக்குக் கீழே, மடியில், அந்தக் கை அசையாமல் இருக்கிறது. அதன்மேல் அக்காவின் கை. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுத்திப் பிடித்திருக்கிறாள். தரையில் சொட்டிய நீரைத் துடைக்கிறேன்.

அப்பா அடுத்த ஆண்டு இறந்தார். அக்கா கடல் தாண்டி இருக்கிறாள். அவளுக்கு நேற்றுதான் தொலைபேசியில் நன்றி சொன்னேன்.