இறங்காத தழை

நவம்பர் 14, கோவை. கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட வெள்ளை முயல் இரண்டு நாட்களாக எதையும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை. டாக்டர் குமுதா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடைப்பு எதுவும் இல்லை. இரைப்பை மட்டும் நிறைந்து, அசையாமல் நின்றது.

"ஊசி போட்டா வயிறு அசைய ஆரம்பிச்சு, உள்ள இருக்கறது கீழ எறங்கிருமுங்க. கடைசியா என்ன தின்னுச்சு?"

"கொத்துமல்லிங்க," என்றாள் முயலைக் கொண்டுவந்திருந்த எஸ்தர். "எங்க ஊட்டுக்காரரு போட்டது."

ரசத்துக்கு வைத்திருந்த தழை அது. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கணவர் ஆல்பர்ட் அதை மொத்தமாகக் கூண்டுக்குள் போட்டுவிட்டார். "நீங்க முயலையே கட்டியிருக்கலாம்," என்று அவள் கத்தினாள். "கட்டியிருந்தா இந்தத் திட்டு விழுந்திருக்காது கண்ணு," என்று சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு போனவர், அவிநாசி சாலையில் லாரி மோதி இறந்துபோனார்.

"அது உள்ளயே இருக்கட்டுமுங்களே, டாக்டர்."

"இருந்தா முயல் செத்துப்போயிருமுங்க."

முயலின் வயிற்றில் வைத்திருந்த கையை எஸ்தர் சற்று நேரம் எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். டாக்டர் ஊசியைப் போட்டார்.

மறுநாள் காலையில் கூண்டில் விரித்திருந்த செய்தித்தாளில் சில புழுக்கைகள் கிடந்தன. முயல் பசியில் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அவள் அறுகம்புல்லைப் போட்டாள். முயல் தின்றது. தாளை அவள் மாற்றவில்லை.