ஒரு சாண் உள்ளே

இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது. அடுத்த பாயின்ட்டோடு இறுதியாட்டம் முடிந்துவிடும்.

குழந்தைவேலு பேட்டை இடக்கைக்கு மாற்றி, வலக்கையைப் பனியனில் துடைத்துக்கொண்டார். அவிநாசி ஷட்டில் கிளப்பின் கோப்பை மேஜை மேல் இருந்தது. பக்கத்திலேயே பரிசுக்கு இரண்டு டேபிள் டாப் கிரைண்டர்கள். கிரைண்டர் இல்லாத வீடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது என்பதால் அவற்றை யாரும் பார்க்கவில்லை. குழந்தைவேலு பார்த்தது கோப்பையை. வருசா வருசம் இறுதியாட்டம் வரை வந்து, அது இன்னொருவர் காரில் ஏறிப் போவதைப் பார்த்தே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

முன்னால், வலையை ஒட்டி, அவருடைய ஜோடி நின்றிருந்தார். பெயர் தம்பிதுரை. பெயரில்தான் தம்பி. குழந்தைவேலுவுக்கு உடன்பிறந்த அண்ணன்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அண்ணனின் வேலி ஓரடி நகர்ந்து தம்பியின் தோட்டத்துக்குள் வந்துவிட்டது என்பதுதான் சங்கதி. அதை முதலில் கண்டுபிடித்தது குழந்தைவேலுவின் கண். பிறகு வந்து அளந்த சர்வேயர், நீங்க சொன்னது அங்குலம் பிசகலைங்க என்று சொல்லிவிட்டுப் போனார். வேலி திரும்பிப் போனது. அதோடு பேச்சும் போனது. சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால் அண்ணன் முதல் பந்தியில் உட்கார, தம்பி இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பார்.

அந்தக் கண்ணுக்குக் கிளப்பில் தனி மரியாதை. பந்து தரையைத் தொடுவதற்கு முன்பே உள்ளே, வெளியே என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இருவர் பெயரும் ஜோடியாக வந்தபோது, மறுபடி குலுக்கலாமுங்களா என்று கமிட்டி பயந்து பயந்து கேட்டது. இருவருமே வேண்டாம் என்றார்கள். முதலில் விலகுகிறவர் தோற்றவர் ஆகிவிடுவார் அல்லவா.

ஆக, பேசாமலே இறுதியாட்டம் வரை வந்து சேர்ந்தார்கள். பேசித்தான் ஆகவேண்டும் என்றால் நடுவர் நாற்காலியில் இருந்த லோகப்பிரியா வழியாகப் பேசினார்கள். அவங்களை முன்னாலயே நிக்கச் சொல்லுங்க அம்மணி என்பார் குழந்தைவேலு. லோகப்பிரியா ஆட்டத்தை நிறுத்தி, எட்டித் தொடும் தூரத்தில் நிற்கும் தம்பிதுரையிடம் அதை அப்படியே திருப்பிச் சொல்வாள். ஆட்ட விதிகளில் இதற்குத் தடை இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் வந்த பந்தையெல்லாம் குழந்தைவேலுவே ஓடி ஓடி அடித்தார். அண்ணனுக்கு நேராக வந்ததைக்கூடக் குறுக்கே புகுந்து பிடுங்கினார். ஓரடி மண்ணை விடாதவர் பந்தை விடுவாரா என்று பெஞ்சில் ஒருவர் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். குழந்தைவேலுவின் காதில் அது நன்றாகவே விழுந்தது.

தம்பிதுரை ஒவ்வொரு பாயின்ட்டுக்குப் பிறகும் கையில் கட்டியிருந்த புது வாட்ச்சைப் பார்த்தார். பஸ்ஸைப் பிடிக்கணுங்களாண்ணா என்று எதிர்ப்பக்கத்திலிருந்து சஹீர் கிண்டல் செய்தார்.

சஹீர் சர்வீஸ் போட்டார்.

பந்து நாலைந்து முறை வலையைத் தாண்டிப் போய் வந்தது. இடது மூலைக்கு வந்ததைத் தாவி எடுத்த குழந்தைவேலு கால் வழுக்கி முட்டிபோட்டு விழுந்தார். அவர் எழுவதற்குள் சஹீர் வலது பின் மூலைக்குத் தூக்கி அடித்தார்.

தம்பியால் அதை எட்ட முடியாது. எடுப்பதானால் அண்ணன்தான் எடுக்க வேண்டும்.

தம்பிதுரை வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி திரும்பினார். பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் ஓடத் தொடங்கினார்.

விளக்கு உயரத்துக்குப் போய்விட்டுப் பந்து இறங்கியது. முட்டிபோட்டபடியே குழந்தைவேலு அதைப் பார்த்தார். அண்ணனையும் பார்த்தார்.

"உடுங்ணா, வெளிய."

வேலித் தகராறுக்குப் பிறகு அண்ணனிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. தம்பிதுரை அப்படியே நின்றுவிட்டார். பேட்டைத் தாழ்த்தினார்.

பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தது. ஒரு சாண் உள்ளே.

சஹீரை அவர் கூட்டாளி தூக்கிக்கொண்டு சுற்றினார். லோகப்பிரியா நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, உங்களுக்கே தப்பிப்போச்சுங்களா என்று நம்ப முடியாமல் கேட்டாள். வயசாச்சல்லோ, கண்ணு மங்குது என்றார் குழந்தைவேலு. கோப்பை சஹீரின் கார் டிக்கிக்குள் போவதைப் பார்த்தபோது அவருக்கு வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது.

கூட்டம் கலைந்தது. பெஞ்சின் ஒரு கோடியில் தம்பிதுரை, மறு கோடியில் குழந்தைவேலு. நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம்.

தம்பிதுரை மறுபடி வாட்ச்சைப் பார்த்தார். அதில் மணி தெரியவில்லை. நாடித் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த எண் இறங்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு ஆடுகளத்தைப் பார்த்தபடி, லோகப்பிரியாவின் உதவி இல்லாமலே பேசினார்.

"எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட்டு வெச்ச அன்னிக்கும் ஆஸ்பத்திரியில நீ காரைப் பார்க்கிங் கோட்டுக்கு வெளியதான்டா நிறுத்தியிருந்தே. மேல வராம, பொழுதுக்கும் அதுக்குள்ளயே உக்காந்திருந்தே. சன்னல்ல பாத்துட்டேதான் கெடந்தேன்."

குழந்தைவேலு குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார். அவிழ்ந்த பிறகும் நிமிரவில்லை.