வெறுங்கிளை

ஏரி நடுவே நின்ற கருவேல மரத்துக்கு அந்த ஆண்டு நாரை தனியாக வந்தது. வழியில் அடித்த புயலில் அதன் துணை இறந்துவிட்டது.

நாரை ஒரு கிளையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏரிக்குப் புதிதாக வந்திருந்த வாத்து, "என்ன அண்ணே பார்க்கிறீங்க?" என்றது.

"அவ அங்கே இல்லாததைப் பார்க்கிறேன்."

"இல்லாததை எப்படிப் பார்க்க முடியும்? எனக்கு வெறும் கிளைதானே தெரியுது!"

"நீ அவளைப் பார்த்ததில்லையே" என்று நாரை சொல்லத் தொடங்கியது. விடியும் முன்பே எழுந்து மூடுபனியைத் திட்டுவாளாம். பெரிய மீன் கிடைத்தால் தின்னாமல் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிவாளாம். பொழுது சாயும்வரை வாத்து கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நீர்க்காகம் ஒன்று அந்தக் கிளையில் உட்கார வந்தது. வாத்து சிறகடித்துத் தடுத்தது.

"ஏன்? இடம் காலியாத்தானே இருக்கு?" என்றது நீர்க்காகம்.

"நேத்துவரை எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது" என்றது வாத்து.