சத்தமில்லாத புள்ளிகள்

ஓர் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு சுவர்ப்பல்லியும் இருந்தன. திருவிழாக் கூட்டம் எப்படி நகரும் என்று கம்ப்யூட்டர் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் புள்ளிகள் ஓடின. பூச்சி என்று நினைத்துப் பாய்ந்த பல்லிக்கு மூக்குதான் வலித்தது.

"அது பூச்சி இல்லை, ஜனங்கள். வடக்கு வாசலை மூடினால் எங்கே போவார்கள் என்று பார்க்கிறேன்" என்றது கம்ப்யூட்டர்.

"மூலையில் சில புள்ளிகள் அசையாமல் கிடந்தனவே, இப்போது காணோமே?" என்று கேட்டது பல்லி.

"நசுங்கிய புள்ளிகளை அழித்துவிடுவேன். படம் சுத்தமாக இருக்க வேண்டாமா? சும்மா புள்ளிதானே."

பல்லிக்கு வால் நுனிவரை சில்லிட்டது.

அப்போது அதிகாரி தணிகாசலம் வந்து திரையைப் பார்த்தார். "அட, நெரிசலே இல்லையே! வடக்கு வாசலை மூடிடலாமா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"ஐயோ, வேண்டாம்!" என்று பல்லி கத்தியது. அவர் காதில் அது 'ச்சு ச்சு' என்றுதான் விழுந்தது.

"பல்லியே சொல்லிடுச்சு!" என்று சிரித்தபடி போனை எடுத்தார். "வடக்கு வாசலை மூடிடுங்க."

திருவிழா அன்று ஜன்னல் வழியே ஓர் அலறல் வந்தது. பிறகு பல அலறல்கள்.

"யார் அது?" என்று கேட்டது கம்ப்யூட்டர்.

"உன் புள்ளிகள்" என்றது பல்லி.

"இருக்காதே. அவற்றுக்கு நான் குரல் வைக்கவே இல்லையே."