முயல் வளைக்கு அடியில் வெந்நீர்

வெந்நீர் ஊற்றுள்ள ஒரு மலைச்சரிவில், மண்ணுக்கடியில் வெந்நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணிப்பதிலேயே ஒரு பெருச்சாளிக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

ஒருநாள் அது குட்டி போட்டிருந்த முயலிடம் போய், “மழை வந்தால் உன் வளைக்குள் வெந்நீர் ஏறும். குட்டிகளோடு கிளம்பு தாயே” என்றது.

“இங்கே கதகதப்பாக இருக்கிறதே! வெந்நீரை நீ கண்ணால் பார்த்தாயா?” என்றது முயல்.

“மண்ணுக்குள் ஓடுவதை எப்படியம்மா பார்ப்பது?”

நான்கு முறை சொல்லியும் முயல் அசையவில்லை. பெருச்சாளி தலையில் அடித்துக்கொண்டு, சரிவின் மறுபக்கம் தானே ஒரு வாய்க்கால் தோண்டியது. கடைசி மண்ணைத் தள்ளும்போது அதன் முன்னங்கால் வெந்துபோனது. மழை கொட்டியதும் வெந்நீரெல்லாம் அந்த வழியாக ஓடிவிட்டது.

மறுநாள் முயல், “ஒரு சொட்டுகூட வரவில்லையே! வீணாகப் பயமுறுத்தினாயே” என்றது.

பெருச்சாளி ஆத்திரத்தோடு வாயைத் திறந்தது. வளைக்குள் ஐந்து முயல் குட்டிகளும் தூங்கிக்கொண்டிருந்தன. வாயை மூடிக்கொண்டு நொண்டியபடியே திரும்பிப் போனது.